புதுச்சேரியிலிருந்து பாரிஸ்: தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட முழுமையான வழிகாட்டி

"பாரிஸுக்கு எத்தனை மணி நேரம்?" என்று புதுச்சேரியில் மூன்று பேரிடம் கேட்டால் மூன்று விடை வரும். ஒருவர் பத்தரை மணி நேரம் என்பார். இன்னொருவர் பதினைந்து என்பார். மூன்றாமவர், ஒரு நாள் முழுக்க ஆகிவிடும் என்பார். மூவர் சொல்வதும் சரிதான். முதலாமவர் சென்னையில் விமானம் நகர்ந்ததிலிருந்து பாரிஸில் நின்றது வரை எண்ணுகிறார். இரண்டாமவர் துபாயிலோ தோஹாவிலோ உட்கார்ந்திருந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறார். மூன்றாமவர் முத்தியால்பேட்டையில் வீட்டைப் பூட்டியதிலிருந்து பாரிஸில் மகள் வீட்டுக் கதவு திறந்தது வரை எண்ணுகிறார். பயணம் போகிறவருக்குப் பயன்படும் கணக்கு அந்த மூன்றாவதுதான். இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் முதல் எண் மட்டுமே.

இந்தக் கணக்கு புதுச்சேரி, காரைக்கால், கடலூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கும் இங்குமாக வாழ்கிறார்கள். திருமணம், மருத்துவம், இறப்பு எல்லாவற்றுக்கும் இந்த எட்டாயிரம் கிலோமீட்டரைக் கடக்க வேண்டியிருக்கிறது. அவசரத்தில் டிக்கெட் எடுக்கும்போது கணக்கு தெரிந்திருந்தால் பதற்றம் பாதியாகக் குறையும். ஒரு தாள், ஒரு பேனா, கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் ஆகியவை போதும்.

படி 1: வான்வழித் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

பூமி உருண்டை. அதன் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை, பெருவட்டம் எனப்படும் வட்டத்தின் ஒரு துண்டு. அதன் நீளத்தைத்தான் வான்வழித் தூரம் என்கிறோம். அதைக் கண்டுபிடிக்க இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் போதும். கைப்பேசி வரைபடத்தில் ஊரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தெரியும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை.

புதுச்சேரி: வடக்கு 11.93 டிகிரி, கிழக்கு 79.83 டிகிரி.
பாரிஸ்: வடக்கு 48.86 டிகிரி, கிழக்கு 2.35 டிகிரி.

தீர்க்கரேகைகளின் வேறுபாடு 77.48 டிகிரி. இனி பள்ளியில் படித்த சைன், கோசைன் கணக்குதான். கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியன் முறையில் இருந்தால் விடை முழுக்கத் தவறாகிவிடும்.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2067 × 0.7531 = 0.1557.

அடுத்து, இரண்டு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் பெருக்குங்கள்: 0.9784 × 0.6579 × 0.2168 = 0.1395.

இரண்டையும் கூட்டினால் 0.2952. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று தலைகீழ் கோசைன் பொத்தானை அழுத்திக் கேட்டால் 72.83 டிகிரி என்று வரும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,030 கிலோமீட்டர். அதை 360 ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். எனவே 72.83 × 111.2 = ஏறத்தாழ 8,100 கிலோமீட்டர்.

புதுச்சேரிக்கும் பாரிஸ் நகருக்கும் இடையிலான வான்வழித் தூரம் இதுதான். ஆனால் புதுச்சேரியின் சிறிய விமான நிலையம் இருக்கும் இலாசுப்பேட்டையிலிருந்து பெரிய விமானம் ஏறாது. சென்னை விமான நிலையத்திலிருந்து பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கு இதே முறையில் கணக்கிட்டால் 8,020 கிலோமீட்டர் வரும். நேரக் கணக்குக்கு இந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் சில கிலோமீட்டர் முன்பின் இருக்கும். பயணத்துக்கு அது பொருட்டில்லை.

படி 2: அந்தக் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடித்தது, விமானம் ஏன் தாமதமாகிறது என்பதற்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் சென்னைக்கும் பாரிஸுக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக்கடல், பாரசீக வளைகுடா, ஈராக், சிரியா, மத்தியதரைக் கடல் என்று போகும். அந்தக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பூகோள உருண்டையை எடுத்து, சென்னையில் நூலின் ஒரு முனையையும் பாரிஸில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே வளைந்து ஏறும். கராச்சிப் பக்கம், பலூசிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடலின் தென்கரை, காக்கசஸ் மலைப்பகுதி, கருங்கடல், ருமேனியா, ஜெர்மனி வழியாகப் பாரிஸை அடையும். பாதி வழியில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளி இருக்கும். ஆனாலும் நூல் போகும் வழிதான் 200 கிலோமீட்டர் குறைவு.

இப்போது அந்த நூல் தொடும் நாடுகளின் பெயர்களைத் திரும்பப் படியுங்கள். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. கருங்கடலைக் கடக்கும் விமானங்கள் அதற்கேற்பத் தெற்கே விலக வேண்டும். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. ஐரோப்பிய, வளைகுடா நிறுவனங்களுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. அதனால் ஒரே வழித்தடத்தில் ஒரு நிறுவனத்தின் விமானம் இன்னொன்றைவிட அதிக நேரம் எடுக்கும் நிலை வந்தது. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்கள் இதில் மிகவும் பாதிக்கப்பட்டன. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல், ஈரான் மோதல் வெடித்தபோது ஈரான், ஈராக் வான்வெளிகள் மூடப்பட்டு, நடுவானில் இருந்த விமானங்கள்கூடத் திரும்பிப் போயின.

ஆகவே டிக்கெட் எடுக்கும் வாரத்தில் மேற்காசியச் செய்திகளை ஒருமுறை பாருங்கள். அந்த விமானம் கடந்த பத்து நாள்களில் உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதை விமானங்களைப் பின்தொடரும் செயலிகளில் காணலாம். கால அட்டவணையில் அச்சிட்ட எண்ணைவிட அதுதான் நம்பத்தக்கது.

படி 3: தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

நீண்ட தூர ஜெட் விமானம் சீரான உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த வேகம் சுற்றியுள்ள காற்றை வைத்துச் சொல்வது. தரையை வைத்துச் சொல்வது அல்ல. நம் வழித்தடத்தின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி உயரமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று செய்திகளில் சொல்வது அதைத்தான். பாரிஸுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று. ஊர் திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். குளிர்காலத்தில் அதன் வலிமை கூடும்.

இதோடு ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, கீழிறங்குவது, வழி வளைவது எல்லாவற்றையும் சேர்த்தால் கணக்கு சிக்கலாகும். அதற்கு நான் பயன்படுத்தும் எளிய விதி இது. மேற்கே போகும்போது தூரத்தை 800 ஆல் வகுங்கள். கிழக்கே வரும்போது 900 ஆல் வகுங்கள். இரண்டிலும் அரை மணி கூட்டுங்கள்.

சென்னையிலிருந்து பாரிஸ்: 8,020 ÷ 800 = 10 மணி, அரை மணி கூட்டினால் பத்தரை மணி நேரம். பாரிஸிலிருந்து சென்னை: 8,020 ÷ 900 = 8.9 மணி, அரை மணி கூட்டினால் ஏறத்தாழ 9 மணி 25 நிமிடம்.

மற்ற ஊர்களிலும் சோதித்துப் பாருங்கள். சென்னை, துபாய் தூரம் 2,930 கிலோமீட்டர். விதிப்படி 4 மணி 10 நிமிடம். துபாய், பாரிஸ் 5,240 கிலோமீட்டர். 7 மணிக்குச் சற்று மேல். சென்னை, லண்டன் 8,230 கிலோமீட்டர். 10 மணி 50 நிமிடம் அளவில் வரும். அட்டவணைகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் கால் மணிக்குள்தான் வேறுபாடு இருக்கும். அரை மணிக்கு மேல் வேறுபட்டால் அந்த விமானம் எதையோ சுற்றிக்கொண்டு போகிறது என்று பொருள். இலாசுப்பேட்டையிலிருந்து பறக்கும் ஏடிஆர் போன்ற விசிறி விமானங்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான்.

படி 4: ஊரிலிருந்து விமான நிலையம் வரை

எட்டாயிரம் கிலோமீட்டரைக் கணக்கிட்டு முடித்தவர்கள் முதல் 150 கிலோமீட்டரில்தான் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். இந்தப் படிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு இரண்டு சாலைகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், கல்பாக்கம், மாமல்லபுரம் வழியாகப் போகலாம். அல்லது திண்டிவனம் சென்று செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக ஜிஎஸ்டி சாலையில் போகலாம். இரண்டுமே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் மூன்று மணி நேரம். நான் நான்கு மணி என்றே எழுதிக்கொள்ளச் சொல்வேன். கடலூரிலிருந்து கிளம்பினால் புதுச்சேரி வரையிலான 22 கிலோமீட்டருக்கு மேலும் ஒரு மணி நேரம் சேருங்கள், நகருக்குள் நுழைந்து வெளியேறும் நெரிசல் அதில் அடங்கும்.

எந்தச் சாலை என்பதைக் கிழமை பார்த்து முடிவு செய்யுங்கள். ஞாயிறு மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தவிருங்கள். விடுமுறைக்குப் புதுச்சேரி வந்த சென்னைக்காரர்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் திரும்புகிறார்கள். பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளில் ஜிஎஸ்டி சாலையைத் தவிருங்கள்; பரனூர் சுங்கச்சாவடி முதல் பெருங்களத்தூர் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். சாதாரண நாள்களில், குறிப்பாக இரவில், நடுவே தடுப்பு உள்ள திண்டிவனம் வழியையே நான் விரும்புகிறேன். தூக்கக் கலக்கத்தில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டும் ஆபத்து அங்கே குறைவு.

பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். திண்டிவனம் வழிப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து விமான நிலையம் இன்னும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ரயிலில் போனால் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போகலாம். விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. பெட்டி ஒன்றுதான், ஆள் ஒருவர்தான் என்றால் இது நல்ல வழி. 23 கிலோ பெட்டிகள் இரண்டோடு முதியவர்கள் வந்தால் வாடகைக் கார்தான் சரி.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று சென்னை விமான நிலையத்தின் சேவைகளும் மறுநாள் அதிகாலை வரை நிறுத்தப்பட்டன. சாலையும் வானும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்ட நாள் அது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை பயணம் என்றால், வானிலை எச்சரிக்கை வந்ததுமே முந்தின நாளே சென்னைக்குப் போய் பல்லாவரம், மீனம்பாக்கம் பக்கம் தங்கிவிடுங்கள்.

விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பு பன்னாட்டு முனையத்தில் இருக்க வேண்டும். ஆக, சாலைக்கு நான்கு, முனையத்தில் மூன்று: ஏழு மணி நேரம். இதை உங்கள் தாளில் எழுதுங்கள்.

படி 5: எந்த வழி என்று தேர்ந்தெடுங்கள்

சென்னை, பாரிஸ் நேரடிச் சேவை நிலையாக இருந்ததில்லை. ஜெட் ஏர்வேஸ் 2017 இல் தொடங்கியது. 2019 ஏப்ரலில் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. 2021 இல் ஏர் பிரான்ஸ் தொடங்கியது. இப்படி வந்து போகும் வழித்தடம் என்பதால் போன முறை உறவினர் போன விமானம் இந்த முறையும் இருக்கும் என்று எண்ணாமல், நீங்கள் போகும் தேதிக்கு இருக்கிறதா என்று விமான நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். இருந்தால், விலை கொஞ்சம் கூடுதலானாலும் குழந்தையோடு போகிறவர்களும் முதியவர்களும் அதையே எடுப்பது நல்லது.

இல்லையென்றால் எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். எங்கே மாறினால் எவ்வளவு தூரம் கூடுகிறது என்று பாருங்கள்.

பிராங்பர்ட் வழி: 7,590, அதோடு 450. மொத்தம் 8,040 கிலோமீட்டர்.
துபாய் வழி: 2,930, அதோடு 5,240. மொத்தம் 8,170.
அபுதாபி வழி: 2,970, அதோடு 5,250. மொத்தம் 8,220.
தோஹா வழி: 3,290, அதோடு 4,970. மொத்தம் 8,260.
டெல்லி வழி: 1,760, அதோடு 6,570. மொத்தம் 8,330.
லண்டன் வழி: 8,230, அதோடு 350. மொத்தம் 8,580.
கொழும்பு வழி: 650, அதோடு 8,480. மொத்தம் 9,130.

வளைகுடாவில் மாறுவது பெரிய சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் துபாய் வழியில் கூடுவது 150 கிலோமீட்டர்தான், பறக்கும் நேரத்தில் கால் மணிகூட இல்லை. கூடுதல் நேரம் முழுவதும் தரையில் காத்திருப்பதிலும், இரண்டாம் முறை ஏறி இறங்குவதிலும் போகிறது. ஆகவே வழிகளை ஒப்பிடும்போது தூரத்தைவிட இடைநிற்கும் நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணியிலிருந்து மூன்றரை மணி வரை நல்லது. ஒரு மணி நேர இடைவெளியை விமான நிறுவனம் விற்கலாம்; முதல் விமானம் அரை மணி தாமதமானால் பெட்டி பின்தங்கிவிடும்.

தூரத்தில் தெரியாத சில வேறுபாடுகளும் உண்டு. பிராங்பர்ட்டில் இறங்கினால் ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைக்குள் நுழைவதற்கான சோதனை அங்கேயே முடிந்துவிடும். பாரிஸ் போவது உள்நாட்டுப் பயணம்போல இருக்கும். அதனால் பிராங்பர்ட்டில் குறைந்தது இரண்டரை மணி இடைவெளி தேவை. லண்டனில் மாறுவதாக இருந்தால் எச்சரிக்கை: பிரான்ஸ் போகக் கிடைத்த குறுகிய கால ஷெங்கன் விசா மட்டும் வைத்திருக்கும் இந்தியக் குடிமகனுக்கு அங்கே மாறிச் செல்லத் தனி விசா தேவை. வீட்டில் ஒருவர் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் இன்னொருவர் இந்தியப் பாஸ்போர்ட்டும் வைத்திருப்பது புதுச்சேரியில் சாதாரணம். டிக்கெட்டை ஒன்றாக எடுக்கும்போது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எந்த வழி பொருந்துமோ அதையே அனைவருக்கும் எடுங்கள்.

பெங்களூருவையும் கணக்கில் வையுங்கள். அங்கிருந்து பாரிஸ் 7,830 கிலோமீட்டர். ஏர் பிரான்ஸ் பல ஆண்டுகளாக நேரடியாக இயக்கும் வழித்தடம். 2024 டிசம்பரில் இண்டிகோ இலாசுப்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் சிறிய ஏடிஆர் விமானங்களை இயக்கத் தொடங்கியது. நம் ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர்தான், பெரிய ஜெட்டுகளுக்கு அது போதாது. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் விமானம் ஏறலாம் என்பது பெரிய வசதி. ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெங்களூருவில் பெட்டியை எடுத்து, முனையம் மாறி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் ரத்தானால் இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. தனி டிக்கெட் எடுப்பவர்கள் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் முன்னதாகவே பெங்களூரு போய்விடுங்கள்.

கடலூர், விருத்தாசலம், சிதம்பரம் பக்கத்தவர்கள் சிலர் திருச்சியிலிருந்து கொழும்பு போய் அங்கிருந்து பாரிஸ் போகிறார்கள். தூரம் கூடினாலும் சென்னை நெரிசல் இல்லை, தமிழ் பேசும் பணியாளர்களும் கிடைப்பார்கள். தனியாகப் போகும் பாட்டிக்கு இது நல்ல வழி. கொழும்பு, பாரிஸ் பகுதி மட்டும் பதினொரு மணி நேரம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

விலையைப் பற்றி ஒரே ஒரு சொல்: பிரான்ஸில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். அப்போது அங்கிருந்து குடும்பம் குடும்பமாக ஊருக்கு வருகிறார்கள். ஜூலைத் தொடக்கத்தில் பாரிஸிலிருந்து இங்கு வரும் டிக்கெட்டும், ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து போகும் டிக்கெட்டும் கிடைப்பது கடினம். அதற்கு எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு அதே வாரங்களில் இடம் எளிதாகக் கிடைக்கும்.

படி 6: இரண்டு கடிகாரங்களை ஒன்றாக்குங்கள்

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். கிளம்பும் நேரம் சென்னை நேரம், சேரும் நேரம் பாரிஸ் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை நேரடியாகக் கழித்தால் பத்தரை மணிப் பயணம் ஏழு மணி நேரமாகத் தெரியும்.

இந்தியா ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. பிரான்ஸ் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் நான்கரை மணி பின்னால் இருக்கும். துபாய் எப்போதும் ஒன்றரை மணியும் தோஹா இரண்டரை மணியும் பின்னால்.

குழப்பம் இல்லாமல் இருக்க, எல்லா நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றி ஒரே வரிசையில் எழுதுங்கள். துபாய் வழிக்கு ஒரு மாதிரி:

சென்னையில் கிளம்புவது அதிகாலை 4:00 என்று வைத்துக்கொள்வோம். 4 மணி 10 நிமிடம் பறந்தால் இந்திய நேரம் காலை 8:10. துபாய் கடிகாரத்தில் 6:40. அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்து கிளம்பும்போது இந்திய நேரம் 10:10. ஏழு மணி ஐந்து நிமிடம் கழித்துப் பாரிஸில் இறங்கும்போது இந்திய நேரம் மாலை 5:15. கோடைக்காலம் என்றால் பாரிஸில் பிற்பகல் 1:45, குளிர்காலம் என்றால் 12:45. சென்னையில் கிளம்பிப் பாரிஸில் இறங்க ஆனது 13 மணி 15 நிமிடம்.

இனி தேதி. ஐரோப்பா, வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் சென்னையிலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் 12 ஆம் தேதி, 01:30 என்று இருந்தால், நீங்கள் புதுச்சேரி வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 11 ஆம் தேதி மாலை 6:30. பன்னிரண்டாம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று கேள்விப்பட்டவர்கள் உண்டு. எனவே டிக்கெட் கைக்கு வந்ததும் காலண்டரில் பறக்கும் தேதியைக் குறிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பும் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் குறியுங்கள். வீட்டில் எல்லாருக்கும் அந்த மூன்றையே சொல்லுங்கள்.

படி 7: பாரிஸில் இறங்கிய பிறகு

குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஐரோப்பிய நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல் புதிய எல்லைப் பதிவு முறையைக் கொண்டுவந்திருக்கின்றன. குறுகிய காலத்துக்கு வரும் வெளிநாட்டவரின் முகப்படமும் கைரேகையும் முதல் வருகையில் பதிவாகும். முதல் முறை போகிறவர்களுக்கு வரிசை நீளலாம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இது இல்லை.

விமான நிலையம் நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஆர்இஆர் பி என்ற ரயில் அரை மணி அளவில் கார் து நோர் நிலையத்தில் கொண்டுவிடும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதி அங்கிருந்து நடக்கும் தூரம்தான். உறவினர் வீடு புறநகரில் என்றால் அதற்குமேலும் நேரம் ஆகும். விமான நிலைய வாசலிலிருந்து வீடு வரை ஒரு மணி நேரம் என்று எழுதுங்கள். முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்றால் கிளம்ப இரண்டு நாளுக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். அந்த உதவியாளர் சோதனை வரிசைகளிலும் கூடவே வருவார். மொழி தெரியாத இடத்தில் அது பெரிய ஆறுதல்.

படி 8: கூட்டிப் பாருங்கள், திரும்பும் வழியையும் சேர்த்து

நேரடி விமானம்: வீட்டிலிருந்து கிளம்பும் வரை 7, பறப்பது பத்தரை, பாரிஸில் இரண்டரை. மொத்தம் 20 மணி நேரம்.

துபாய் வழி: 7, பிறகு 13 மணி 15 நிமிடம், பிறகு இரண்டரை. மொத்தம் 22 மணி 45 நிமிடம்.

பிராங்பர்ட் வழி: 7, பறப்பது 10, இடைவெளி இரண்டரை, பாரிஸுக்கு ஒன்றேகால், அங்கே சோதனை முடிந்துவிட்டதால் வெளியே வந்து வீடு சேர 2. இதுவும் 22 மணி 45 நிமிடம்.

நேரடி விமானத்துக்கும் ஒருமுறை மாறுவதற்கும் வேறுபாடு மூன்று மணிக்குக் கீழ் என்பது இந்தக் கூட்டலில்தான் தெரிகிறது. உடல்நலமுள்ள ஒருவருக்கு அந்த மூன்று மணிக்காக இருபதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இறுதிச் சடங்குக்கு விரைகிறவர் எந்த விமானம் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறட்டும். ஆறு மணி நேரம் கழித்துக் கிளம்பும் நேரடி விமானத்தைவிட இப்போதே கிளம்பும் இணைப்பு விமானம் முன்னால் போய்ச் சேரும்.

திரும்பும்போது கணக்கு மாறும். பாரிஸில் காலை 10:30 க்குக் கிளம்பும் நேரடி விமானம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அப்போது இந்திய நேரம் பிற்பகல் 2:00. ஒன்பது மணி 25 நிமிடம் கூட்டினால் சென்னையில் இறங்குவது அதே நாள் இரவு 11:25. அதே விமானம் டிசம்பரில் அதே 10:30 க்குக் கிளம்பினால் இந்திய நேரம் பிற்பகல் 3:00. சென்னையில் இறங்குவது நள்ளிரவு 12:25, தேதி மறுநாள் ஆகிவிடும்.

அழைத்துவரப் போகும் காருக்கு இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். எந்தத் தேதி இரவு புதுச்சேரியிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கிழமையோடு சொல்லுங்கள். விமானம் தரையிறங்கி ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் பயணிகள் வெளியே வருவார்கள். அதற்கேற்ப வண்டி வந்தால் போதும். ஓட்டுநர் பகலில் தூங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு ஓட்டுநரை ஏற்பாடு செய்யுங்கள், அல்லது வருகிறவர்களை விடியும் வரை சென்னையிலேயே தங்க வைத்துக் காலை ஆறு மணிக்குமேல் கிளம்பச் சொல்லுங்கள்.